மீன்தீனியில் மீனெண்ணெய்: மூன்று வேலைகளும் மலைநாட்டின் தெரிவும்

(கண்டியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு, அச்சுக்கெனச் சுருக்கிச் செம்மைப்படுத்தப்பட்டது)



கண்டிச் சந்தைக்கு வரும் கடல்மீன் திருகோணமலையிலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் ஐஸ் பெட்டிகளில் லொறியேறி வருகிறது. அந்த வழி நீளும்போது விலையும் கூடுகிறது; கண்டியைத் தாண்டி மேலே தோட்டங்களை அடையும்போது இன்னும் கூடுகிறது. அதே வேளையில் நம்மைச் சுற்றித் தண்ணீர் நிறைந்திருக்கிறது. 1976இல் பொல்கொல்லை அணை, 1980களின் நடுவில் விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகலை நீர்த்தேக்கங்கள் என மகாவலி இந்த மலைநாட்டின் நிலப்படத்தையே மாற்றிவிட்டது. 1952இல் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று நம் நன்னீர் மீனின் பெரும்பகுதி. 1990இல் அரசு நன்னீர் மீன்பிடிக்கு அளித்துவந்த ஆதரவைச் சமயக் காரணங்களால் விலக்கிக்கொண்டது. 1994இல் அது மீண்டும் கிடைத்தது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென ஓர் அதிகார சபையும் உருவானது. குளத்திலும் நீர்த்தேக்கத்திலும் குஞ்சு விட்டுப் பிடிப்பதற்குத் தீனி தேவையில்லை. மண்குட்டையிலும் சீமெந்துத் தொட்டியிலும் கூட்டிலும் வளர்ப்பதென்றால் தீனி வேண்டும். வளர்ப்பவரின் செலவில் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும். அந்தத் தீனியில் மீனெண்ணெய் இருக்கவேண்டுமா, அதற்குப் பதிலாகத் தாவர எண்ணெய் போதுமா என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீனியில் மீனெண்ணெய் ஒரு வேலையை அல்ல, மூன்று வேலைகளைச் செய்கிறது. மீனுக்கு எரிபொருளாகிறது, மீனின் உடலுக்கு வேண்டிய கொழுப்பமிலங்களைத் தருகிறது, அந்த மீனை உண்பவருக்கு ஒமேகா-3 தருகிறது. முதல் வேலையை எந்த நல்ல தாவர எண்ணெயும் செய்யும். இரண்டாவதை, நன்னீர் மீனைப் பொறுத்தவரை, சரியாகத் தெரிந்தெடுத்த தாவர எண்ணெய் செய்யும். மூன்றாவதைத் தாவர எண்ணெய் செய்யாது. ஆகவே மலைநாட்டில் வளரும் திலாப்பியாவுக்கும் கெண்டை இனங்களுக்கும் மீனெண்ணெய் ஊட்டுவதை நாம் முற்றாகக் கைவிடலாம். ஆனால் மூன்றாவது வேலையை வேறு வழியில் செய்யும் பொறுப்பை அதனுடன் கைவிட முடியாது.

1. உலகக் கணக்கு

உலகில் ஆண்டொன்றுக்கு உற்பத்தியாகும் மீனெண்ணெய் ஏறத்தாழப் பத்து இலட்சம் தொன். சில ஆண்டுகளில் சற்றுக் கூட. பல பத்தாண்டுகளாக இந்த அளவு உயரவில்லை. அதன் மிகப்பெரிய தனி மூலம் பெரு நாட்டுக் கடலில் பிடிபடும் நெத்தலி இனம். எல் நினோ வந்து அந்தக் கடல் வெப்பமானால் நெத்தலி குறையும். 2023இல் பெரு அரசு ஆண்டின் முதற் பருவ மீன்பிடியையே நிறுத்தியது, மீனெண்ணெய் விலை முன்னொருபோதும் இல்லாத உயரத்துக்குப் போனது. மறுபக்கத்தில் மீன்வளர்ப்பு வளர்ந்துகொண்டே இருக்கிறது. 2022இல் உலகில் வளர்க்கப்பட்ட நீர்வாழ் விலங்குகளின் அளவு 9.4 கோடித் தொன்னைத் தாண்டி, பிடிக்கப்பட்டவற்றின் அளவை முதன்முறையாக விஞ்சியது என்று உணவு விவசாய நிறுவனம் அறிவித்தது. வளராத எண்ணெயையும் வளரும் தொழிலையும் ஒன்றோடொன்று பிணைத்துவைக்க முடியாது. 2000ஆம் ஆண்டிலேயே ரோசமண்ட் நெய்லரும் அவருடைய கூட்டாளிகளும் 'நேச்சர்' இதழில் இதை எச்சரிக்கையாக எழுதினார்கள்.

தொழில் அந்த எச்சரிக்கையைக் கேட்டதா என்றால், விலை கேட்க வைத்தது. நோர்வேயின் சால்மன் தீனியில் 1990இல் 65 விழுக்காடு மீன்மாவும் 24 விழுக்காடு மீனெண்ணெயும் இருந்தன. 2013இல் அவை 18, 11 ஆகின. 2016இல் மீனெண்ணெய் பத்து விழுக்காட்டுக்குச் சற்று மேல். இடைவெளியை நிரப்பியது கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ரேப் விதையின் எண்ணெய். இன்று கடைகளில் விற்கும் வளர்ப்புச் சால்மன், தன் கொழுப்பைப் பொறுத்தவரை, பாதிக்கு மேல் வயலில் விளைந்தது. ஊனுண்ணி மீனிலேயே இவ்வளவு முடிந்தது என்றால், தவிடும் பாசியும் தின்று வளரக்கூடிய திலாப்பியாவுக்கு மீனெண்ணெய் ஊட்டுவதை என்னவென்று நியாயப்படுத்துவது?

2. எரிபொருள்

மீன் நீந்தவும் மூச்சுவிடவும் உடலைக் கட்டவும் சக்தி வேண்டும். தீனியில் கொழுப்பிலிருந்து அது கிடைத்தால் விலைகூடிய புரதம் தசையாகச் சேரும். கிடைக்காவிட்டால் மீன் புரதத்தையே எரிக்கும். இந்த வேலைக்கு மீனெண்ணெய்தான் வேண்டும் என்பதில்லை. 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் சால்மன், டிரவுட், கடற்பாஸ், கடற்பிரீம் ஆகியவற்றில் பெரிய ஆய்வுத் திட்டமொன்று நடந்தது. சால்மனில் மீனெண்ணெயை முழுவதுமாகத் தாவர எண்ணெய்க் கலவையால் மாற்றியும் வளர்ச்சி குறையவில்லை என்று அது காட்டியது. இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்தத் தீனிகளில் மீன்மா இருந்தது. மீன்மாவில் எட்டு முதல் பத்து விழுக்காடு எண்ணெய் எஞ்சியிருக்கும். 'மீனெண்ணெய் இல்லாத தீனி' என்று ஆய்வுக்கட்டுரைகள் சொல்வதில் பெரும்பாலும் மீன்மா வழியாகக் கொஞ்சம் மீனெண்ணெய் உள்ளே நுழைந்திருக்கிறது. மீன்மாவையும் எடுத்துவிட்ட தீனிக்கு அந்த முடிவுகளை அப்படியே பொருத்தக்கூடாது.

எரிபொருள் பற்றிய ஆய்வில் நம் நாட்டவர் ஒருவருக்கு முக்கியமான பங்கு உண்டு. ருகுணு பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, நம் நீர்த்தேக்க மீன்வளத்தைப் பற்றி நிறைய எழுதிய சேன டி சில்வா, பின்னர் அவுஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே ஜொவானி துர்க்கினி முதலானோருடன் சேர்ந்து மறே கொட் என்ற நன்னீர் மீனில் கொழுப்பமிலங்களுக்கு என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். தின்றது எவ்வளவு, உடலில் சேர்ந்தது எவ்வளவு, எரிந்தது எவ்வளவு, புதிதாக உருவானது எவ்வளவு என்று முழு உடலையும் வைத்துக் கணக்கிடும் முறை அது. அந்தக் குழுவும் பின்வந்தவர்களும் எடுத்துக்காட்டிய ஒன்று நம் தெரிவுக்கு நேரடியாகப் பயன்படும். ஒமேகா-3 மிகுதியாகக் கிடைக்கும்போது மீன் அதையும் எரித்துவிடுகிறது. எரிப்பதற்கு வசதியான நிரம்பிய கொழுப்பும் ஒலெயிக் அமிலமும் பக்கத்தில் இருந்தால், மீனெண்ணெயில் வரும் நீண்ட சங்கிலி ஒமேகா-3ஐ ஓரளவு சேமித்து வைக்கிறது. அதாவது, விலைகூடிய மீனெண்ணெயை மட்டும் ஊட்டினால் அதில் ஒரு பகுதியை வெறும் விறகாக எரிக்கிறோம்.

3. மீனின் சொந்தத் தேவை

உயிரணுச் சவ்வுகளுக்கும் மூளைக்கும் கண்ணுக்கும் இனப்பெருக்கத்துக்கும் மீனுக்குக் குறிப்பிட்ட சில கொழுப்பமிலங்கள் வேண்டும். தாவரங்களில் கிடைப்பவை 18 காபன் அணுக்கள் கொண்ட இரண்டு: ஒமேகா-6 ஆகிய லினோலெயிக் அமிலம், ஒமேகா-3 ஆகிய அல்பா லினோலெனிக் அமிலம். மீனெண்ணெயில் கிடைப்பவை 20 காபன் கொண்ட ஈ.பி.ஏ.யும் 22 காபன் கொண்ட டி.எச்.ஏ.யும். லினோலெனிக் அமிலத்திலிருந்து ஈ.பி.ஏ.யையும் டி.எச்.ஏ.யையும் செய்ய, சங்கிலியை நீட்டும் நொதியங்களும் இரட்டைப் பிணைப்புகளைச் சேர்க்கும் நொதியங்களும் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யவேண்டும். கடல்மீன்கள் பெரும்பாலானவற்றில் இந்த வரிசையில் ஏதோ ஓரிடம் மிகவும் பலவீனமானது. அதற்குக் காரணம் அவற்றின் உணவு. கடலில் நுண்பாசிகளே டி.எச்.ஏ.யைச் செய்து தருகின்றன. சிறிய மீனை உண்ணும் பெரிய மீனுக்கு அது ஆயத்தமாகவே கிடைக்கிறது. நன்னீரில் அந்த வசதி குறைவு. அங்கு வாழும் மீன்கள் தாமே செய்துகொள்ளும் திறனை வைத்திருக்கின்றன.

இதற்கு விதிவிலக்குகளும் உண்டு. அவை பாடத்தை இன்னும் தெளிவாக்குகின்றன. யாழ்ப்பாணக் கடல்நீரேரியில் பிடிபடும் ஓரா கடல்மீன்தான். ஆனால் கடற்புல்லையும் பாசியையும் மேய்வது. 2010இல் அந்த இனத்தின் ஒரு வகையில் டி.எச்.ஏ.யை நேரடியாகச் செய்து முடிக்கும் ஒரு நொதியத்தைச் சீன, ஸ்கொட்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். முள்ளந்தண்டு விலங்குகளில் அதுவரை எங்கும் கண்டிராதது அது. கடலா நன்னீரா என்பதைவிட, அந்த மீன் எதைத் தின்று வந்திருக்கிறது என்பதே அதன் தேவையைத் தீர்மானிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

திலாப்பியாவைப் பொறுத்தவரை சான்று பழையது, உறுதியானது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் தக்கேயுச்சியும் வத்தனபேயும் அவர்களுடைய குழுவினரும், நைல் திலாப்பியாவின் முதன்மைத் தேவை லினோலெயிக் அமிலம்தான், தீனியில் அரை விழுக்காடு இருந்தால் போதும் என்று காட்டினார்கள். கெண்டைக்கு லினோலெயிக், லினோலெனிக் இரண்டும் ஒவ்வொரு விழுக்காடு. இதைவிட முக்கியமானதென்று நான் கருதுவது 1993இல் பிலிப்பைன்சில் சந்தியாகோவும் ரேயஸும் வெளியிட்ட முடிவு. தாய் மீன்களுக்குப் பல எண்ணெய்களைத் தனித்தனியே ஊட்டிப் பார்த்தார்கள். கொட் மீனின் ஈரல் எண்ணெய் தின்ற மீன்கள் எடையில் முந்தின. குஞ்சு கொடுப்பதில் கடைசியில் நின்றன. சோயா எண்ணெய் தின்றவை குஞ்சுகளை நிறையக் கொடுத்தன. திலாப்பியாவுக்கு மீனெண்ணெய் தேவையில்லை என்பதோடு விடயம் முடியவில்லை. குஞ்சுப் பண்ணையில் தாய் மீனுக்கு மீனெண்ணெய் ஊட்டுவது பணத்தைக் கொடுத்து இழப்பை வாங்குவதாகும்.

4. உண்பவரின் தட்டு

இதுவரை மீனின் நலனைப் பேசினேன். மீனெண்ணெயைத் தாவர எண்ணெயால் மாற்றலாம் என்று சொல்லும் கட்டுரைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன: வளர்ச்சி குறையவில்லை, மாற்றலாம். நான் அங்கே நிற்க விரும்பவில்லை. மீன் உண்ணப்படுவதற்காக வளர்க்கப்படுகிறது. உண்பவருக்கு என்ன கிடைக்கிறது என்பதும் அளவுகோலில் இருக்கவேண்டும். ஸ்கொட்லாந்தின் ஸ்டேர்லிங் பல்கலைக்கழகத்தில் ஸ்பிராக், டிக், டொக்கர் ஆகியோர் 2006 முதல் 2015 வரை ஆயிரக்கணக்கான வளர்ப்புச் சால்மன் மாதிரிகளை அளந்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். பத்தாண்டுக்குள் ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டின் மொத்த அளவும் பாதியாகிவிட்டிருந்தது. ஒரு வேளைக்குரிய 130 கிராம் துண்டில் 2.7 கிராமாக இருந்தது 1.4 கிராமுக்கு இறங்கியது. சால்மன் கொழுத்த மீன் என்பதால் பாதியும் போதுமான அளவுதான். இருந்தாலும் திசை எது என்பது தெளிவு.

திலாப்பியாவின் நிலை வேறு. அது மெலிந்த தசையுள்ள மீன். 100 கிராம் தசையில் கொழுப்பே இரண்டு கிராமுக்கு உட்பட்டது, ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. சேர்ந்து 0.1 கிராம் அளவில்தான். 2008இல் அமெரிக்காவில் ஒரு குழு, வளர்ப்புத் திலாப்பியாவில் ஒமேகா-6 மிகுந்திருப்பதைச் சுட்டிக்காட்டி எழுதியபோது, அதைப் பன்றி இறைச்சியோடு ஒப்பிட்டுச் செய்தித்தாள்கள் பயமுறுத்தின. பல ஊட்டச்சத்து அறிஞர்கள் கூட்டாக மறுத்தார்கள். மறுத்தது சரி: கொழுப்பே குறைவான ஒரு மீனில் ஒமேகா-6க்கும் ஒமேகா-3க்கும் உள்ள விகிதத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் திலாப்பியா ஒமேகா-3இன் ஊற்று என்று விளம்பரம் செய்வதும் அதே அளவு பிழை. அது நல்ல புரதம்.

மீனெண்ணெய் ஊட்டி அதை ஒமேகா-3 மீனாக மாற்றலாமே என்பார்கள். ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ திலாப்பியா வளர ஒன்றரைக் கிலோ தீனி என்று வைத்துக்கொள்வோம். அதில் இரண்டு விழுக்காடு மீனெண்ணெய் என்றால் 30 கிராம். நெத்தலி எண்ணெயில் ஏறத்தாழ 30 விழுக்காடு ஈ.பி.ஏ., டி.எச்.ஏ.; ஆகவே 9 கிராம் அளவு உள்ளே போகிறது. ஒரு கிலோ மீனில் முள்நீக்கிய தசை 350 கிராம் இருக்கும். தாராளமாக 100 கிராமுக்கு 0.3 கிராம் சேர்ந்தது என்றாலும் கிடைப்பது ஒரு கிராம். நாம் தலையையும் குழம்பில் போடுகிறவர்கள், ஆகவே இரட்டிப்பாக்கிக்கொள்வோம்: இரண்டு கிராம். மீதி ஏழு கிராம் எரிந்தும் குடலோடு கழிந்தும் போயிற்று. வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 250 மில்லிகிராம் என்று உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு பரிந்துரைத்தது. உள்ளே போன 9 கிராம் ஒருவருக்கு ஐந்து வாரத்துக்குப் போதுமானது. திலாப்பியாவின் வழியாக வரும்போது அது ஒரு வாரத்துக்குச் சுருங்குகிறது.

ஆளிவிதை எண்ணெய் போன்ற லினோலெனிக் மிகுந்த எண்ணெயைக் கொடுத்து, மீனே டி.எச்.ஏ. செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா? 2007இல் கரபனகியோத்திடிஸ் தலைமையில் நடந்த ஆய்வு இதற்கு விடை தருகிறது. பாங்கொக்கின் ஆசிய தொழில்நுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த யகுப்பிட்டியகேயும் அதில் பங்குகொண்டவர். திலாப்பியா அந்த மாற்றத்தைச் செய்கிறது என்பது உறுதியானது. மீனெண்ணெய் தின்ற மீனின் அளவை அது எட்டவில்லை என்பதும் உறுதியானது. தன் தேவைக்குச் செய்துகொள்ளும்; உண்பவருக்காகச் சேமித்துக் கொடுக்காது.

ஆகவே மூன்றாவது வேலையைத் திலாப்பியாவின் தலையில் சுமத்தாமல், எண்ணெய்ச் சத்துள்ள சிறிய கடல்மீனை நேரடியாக மனிதருக்குக் கொடுப்பதே சரி. சாளையும் சூடையும் நெத்தலியும், கருவாடாகவோ டின்னிலோ எப்படி வந்தாலும், அந்த வேலையைச் செய்யும். மலையகத்தைப் பற்றிப் பேசும்போது இது வெறும் கோட்பாடு அல்ல. 2016ஆம் ஆண்டுச் சனத்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளாவிய ரீதியில் 17 விழுக்காடு. தோட்டத்துறையில் 32 விழுக்காடு. இதற்குக் காரணம் ஒமேகா-3 மட்டும் என்று நான் சொல்லவில்லை. புரதம், இரும்பு, நாகம், தாயின் உடல்நிலை, லயன் வீடுகளின் தண்ணீர், கழிவறை எல்லாம் சேர்ந்த நிலை அது. ஆனால் முள்ளோடு உண்ணும் சிறிய மீனில் புரதமும் கல்சியமும் ஒமேகா-3உம் ஒன்றாகக் கிடைக்கின்றன. அந்த மீனை அரைத்து மாவாக்கி, எண்ணெய் பிழிந்து, இன்னொரு மீனுக்கு ஊட்டி, அதில் ஐந்தில் ஒரு பங்கைத் திரும்பப் பெறுவதற்கு இந்த மாவட்டங்களில் எந்த நியாயமும் இல்லை.

5. எந்தத் தாவர எண்ணெய்?

இலங்கையில் இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் எல்லோருடைய கையும் தேங்காய் எண்ணெயை நோக்கித்தான் நீளும். அதன் இயல்பை முதலில் பார்க்கவேண்டும். மார்கழி, தை மாத விடியற்காலைகளில் கண்டி வீடுகளில் போத்தலில் உள்ள தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்து நிற்கும். 24 பாகையளவில் அது கட்டியாகத் தொடங்குகிறது. பாதியளவு லோரிக் அமிலம், ஏறத்தாழ முழுவதும் நிரம்பிய கொழுப்பு; லினோலெயிக் இரண்டு விழுக்காடு, லினோலெனிக் இல்லையென்றே சொல்லலாம். ஐந்து விழுக்காடு தேங்காய் எண்ணெய் சேர்த்த தீனியில் அதன் மூலம் கிடைக்கும் லினோலெயிக் 0.1 விழுக்காடு, திலாப்பியாவுக்கு வேண்டியதோ அரை விழுக்காடு. தனியே தேங்காய் எண்ணெயை நம்பினால் மீன் குறைபாட்டில் விழும். ஆனால் இரண்டாவது பகுதியில் சொன்னதை நினைவில் வைத்தால், அது மிக நல்ல எரிபொருள் என்பது விளங்கும். எளிதில் எரியும், எளிதில் ஒட்சியேறிக் கெடாது, ஈரப்பதமான நம் காலநிலையில் தீனிப் பையில் கசப்பேறாமல் இருக்கும். நுவரெலியாவின் குளிர்நீருக்கு நிரம்பிய கொழுப்பு பொருந்தாது; குளிரில் அது சரியாகச் செரிக்காது. கண்டியையும் அதற்குக் கீழுள்ள பகுதிகளையும் பொறுத்தவரை தடையில்லை.

லினோலெயிக்குக்கு வழி தவிடு. பண்ணையாளர்கள் தாமே பிசைந்து, இறைச்சி அரைக்கும் பொறியில் இட்டு, குச்சி குச்சியாகப் பிழிந்து, வெயிலில் உலர்த்தும் தீனியில் மூன்றில் ஒரு பங்கு தவிடு இருப்பது வழமை. எண்ணெய் நீக்காத தவிட்டில் 15 விழுக்காடு எண்ணெய்; அதில் மூன்றில் ஒரு பங்கு லினோலெயிக். கணக்குப் போட்டால் தவிடு மட்டுமே தீனிக்கு ஒன்றரை விழுக்காடு லினோலெயிக் தந்துவிடுகிறது, தேவையின் மூன்று மடங்கு. இதை அறியாமல் அதன்மேல் சோயா எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் ஊற்றுவது ஒமேகா-6ஐ வீணாகப் பெருக்குவது. தவிட்டில் ஒரு சிக்கல் உண்டு. ஆலையிலிருந்து வந்த சில நாட்களிலேயே அதிலுள்ள நொதியம் எண்ணெயைப் பிரித்துக் காறல் ஏற்றிவிடும். வந்த அன்றே வறுத்து அல்லது ஆவியில் அவித்து வைப்பது அவசியம். தீனி செய்கிற பலர் இதைச் செய்வதில்லை. எண்ணெய் எது என்று விவாதிக்கும் முன் இந்த ஒரு பழக்கத்தை மாற்றினாலே மீனின் ஈரல் தப்பும்.

எஞ்சுவது லினோலெனிக். திலாப்பியாவுக்கு அது சிறிதளவும் கெண்டைக்கு ஒரு விழுக்காடும் வேண்டும். ஆளிவிதை இங்கே விளைவதில்லை. நம்மிடம் இருப்பது இறப்பர் விதை. 1876இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பில் வந்து, ஹெனரத்கொடையில் நடப்பட்ட நாற்றுகளிலிருந்து பெருகிய மரம் அது. கேகாலையிலும் மாத்தளையிலும் அது நிற்கும் தோட்டங்களில், ஆடி ஆவணியில் காய் வெடித்து, புள்ளிபோட்ட பழுப்பு விதைகள் மரத்தடியெங்கும் சிதறிக் கிடக்கும். பெரும்பாலும் அவை அங்கேயே மக்கிப் போகின்றன. பருப்பில் ஏறத்தாழ 40 விழுக்காடு எண்ணெய். அந்த எண்ணெயில் லினோலெனிக் 15 முதல் 20 விழுக்காடு, லினோலெயிக் அதற்கு இரு மடங்கு. இரண்டு விழுக்காடு இறப்பர் விதை எண்ணெய் திலாப்பியாத் தீனிக்கு வேண்டிய லினோலெனிக்கைத் தந்துவிடும். விதையில் சயனைட்டை வெளிவிடும் பொருள் உண்டு. அது பெரும்பாலும் பிண்ணாக்கில் தங்கும் என்பதால் பிண்ணாக்கைப் பதப்படுத்தாமல் ஊட்டக்கூடாது. ஈரமான விதையைக் குவித்து வைத்தால் எண்ணெயும் புளித்துவிடும். பொறுக்கிய கையோடு உலர்த்தவேண்டும். இவை தீர்க்கமுடியாத சிக்கல்கள் அல்ல.

பாம் எண்ணெய் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். திலாப்பியாத் தீனியில் அது நன்றாக வேலை செய்கிறது என்பதை மலேசியாவில் விங் கியோங் இங் நீண்டகால ஆய்வுகளால் நிறுவியிருக்கிறார். ஆனால் தோட்ட மக்கள் முள்ளுத்தேங்காய் என்று அழைக்கும் அந்த மரம் நிலத்தடி நீரைக் குடித்துவிடுகிறது என்ற எதிர்ப்பு இங்கே வலுத்து, 2021 ஏப்ரலில் அரசு புதிய செய்கையைத் தடைசெய்து, எண்ணெய் இறக்குமதிக்கும் தடை அறிவித்தது. ஓர் அறிவிப்பால் நின்றுபோகக்கூடிய மூலப்பொருளின்மேல் சிறு பண்ணையாளரின் தீனியைக் கட்டுவது எனக்கு உடன்பாடில்லை.

6. மறுப்புகள்

முதல் மறுப்பு: மனிதர் உண்ணும் எண்ணெயை மீனுக்குக் கொடுக்கலாமா? 2024 இறுதியில் ஒரு தேங்காய் 200 ரூபாவை எட்டியபோது வீடுகளில் சம்பலுக்கே கணக்குப் பார்த்தார்கள். இந்த மறுப்பை நான் மதிக்கிறேன். உணவுத் தேங்காய் எண்ணெயை மீனுக்கு ஊற்றவேண்டும் என்று நான் கேட்கவில்லை. செக்கிலும் ஆலையிலும் எஞ்சும் தேங்காய்ப் பிண்ணாக்கிலேயே எட்டு விழுக்காடளவு எண்ணெய் தங்கியிருக்கிறது. திலாப்பியாவின் எரிபொருளில் ஒரு பகுதியை அதுவே தரும். தவிடு, பிண்ணாக்கு, இறப்பர் விதை மூன்றும் மனிதத் தட்டோடு போட்டியிடாதவை. இவற்றை விட்டு இறக்குமதிச் சோயா எண்ணெய்க்குப் போனால்தான் அந்த மறுப்பு நம்மைப் பிடிக்கும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. தாவர எண்ணெய் தின்ற மீன் தொட்டியில் நன்றாக வளரலாம், ஆனால் நோய் வந்தால், சூழல் கெட்டால் தாங்குமா? சால்மனைப் பொறுத்தவரை இந்த அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. ஆய்வுத் தொட்டிகளில் ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. அரை விழுக்காடு போதும் என்று தோன்றியது. கடற்கூண்டுகளின் கடினமான சூழலில் ஒரு விழுக்காடுகூடக் குறைவு என்று அண்மைய நோர்வே ஆய்வுகள் காட்டின. திருகோணமலைக் கடலில் கூண்டுகளில் வளரும் கொடுவாவுக்கும் இதையே சொல்வேன். கடல்மீனின் தீனியிலிருந்து மீனெண்ணெயை முழுவதும் எடுத்துவிடச் சொல்வது என் வாதம் அல்ல. நன்னீர் மீன் வேறு இனம், வேறு உடலியல். மலைநாட்டில் மிச்சமாகும் மீனெண்ணெய் திருகோணமலையின் கொடுவாவுக்குப் போகட்டும் என்பதே நான் சொல்வது. அதுவும் முழு மீனைப் பிழிந்த எண்ணெயாக இருக்கவேண்டியதில்லை. உலக மீனெண்ணெயில் ஏறக்குறையப் பாதி இப்போது பதனிடும் ஆலைகளின் கழிவிலிருந்து வருகிறது. நம் சூரை, கெளவல்லா ஏற்றுமதி ஆலைகளில் வெட்டி ஒதுக்கும் தலையிலும் கண்குழியிலும் டி.எச்.ஏ. செறிந்திருக்கிறது. தீவின் கடல்மீன் வளர்ப்புக்கு வேண்டிய எண்ணெயை முதலில் தேடவேண்டிய இடம் அது.

மூன்றாவது மறுப்பு எதிர்காலத்தைக் காட்டுவது: நுண்பாசி எண்ணெய் வந்துவிட்டது, டி.எச்.ஏ. செய்யும்படி மரபணு மாற்றிய கனோலாவுக்கு 2018இல் அவுஸ்திரேலியா அனுமதி கொடுத்துவிட்டது, தாவர எண்ணெயே மூன்றாவது வேலையையும் செய்யும் காலம் வருகிறதே? வரட்டும். அறிவியல் என்ற முறையில் அது பெரிய சாதனை. விலைகூடிய சால்மனுக்கு அது பொருந்தும். மாத்தளையில் இரண்டு குட்டை வைத்திருப்பவர் கிலோ சில நூறு ரூபாவுக்கு விற்கும் திலாப்பியாவின் விலையில் அந்த எண்ணெயின் விலை அடங்காது. அடங்கினாலும், நான்காம் பகுதியில் போட்ட கணக்கு அப்படியேதான் இருக்கும்: மெலிந்த மீனின் வழியாக ஒமேகா-3ஐ அனுப்பினால் பெரும்பகுதி வழியில் தொலையும், எண்ணெய் கடலிலிருந்து வந்தாலும் வயலிலிருந்து வந்தாலும்.

பேராதனையில் விவசாய பீடமும் கால்நடை மருத்துவ பீடமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. கன்னொறுவையில் கால்நடை ஆராய்ச்சி நிறுவகம் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. கொழுப்பமிலம் அளக்கும் கருவிகளுக்கும் பயிற்சி பெற்றவர்களுக்கும் இங்கே குறைவில்லை. மாணவர்களிடம் நான் கேட்பது மூன்று அளவீடுகள். மத்திய மாகாண ஆலைகளில் வாங்கும் தவிட்டில் காறல் எத்தனை நாளில் ஏறுகிறது? கேகாலையில் பொறுக்கிய இறப்பர் விதையின் எண்ணெய், உலர்த்தும் முறைக்கேற்ப எப்படி மாறுகிறது? தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் இரண்டு விழுக்காடு இறப்பர் விதை எண்ணெயும் சேர்ந்த தீனியில், கண்டியின் உண்மையான நீர் வெப்பநிலையில், குஞ்சிலிருந்து சந்தைப் பருவம் வரை திலாப்பியா எப்படி வளர்கிறது, எத்தனை குஞ்சு கொடுக்கிறது? எட்டு வாரப் பரிசோதனை இதற்குப் போதாது. ஈரலில் சேரும் குறைபாடு அதற்குள் வெளியே தெரியாது. இந்த எண்கள் கிடைத்தபின் அதிகார சபையிடம் கேட்கவேண்டிய ஒன்றும் இருக்கிறது. இன்று தீனிப் பையில் புரதம், கொழுப்பு, நார், ஈரம் ஆகியவற்றின் விழுக்காடு அச்சாகிறது. கொழுப்பு எட்டு விழுக்காடு என்றால் அது எந்த எண்ணெய் என்று வாங்குபவருக்குத் தெரியாது. லினோலெயிக் எவ்வளவு, லினோலெனிக் எவ்வளவு, மீனெண்ணெய் உண்டா இல்லையா என்ற மூன்று வரிகளும் அந்தப் பையில், தமிழிலும் சிங்களத்திலும், இடம்பெறவேண்டும்.